கேட்டீர்கள், சொல்கிறேன்: தீலோஸ் தீவில் நான்கு இரவுகள்

கேள்வி: கணவர் ஓய்வுபெற்றுவிட்டார். கிரேக்கத் தீவு ஒன்றில் நான்கு நாள் சும்மா இருந்துவிட்டு வர ஆசை. எல்லோரும் சான்டோரினி, மிகோனோஸ் என்கிறார்கள். எங்களுக்குக் கூட்டம் ஒத்துவராது. எங்கே போகலாம்?

சும்மா இருப்பதற்காகவே போகிறீர்கள் என்றால் அந்த இரண்டும் வேண்டாம். தீலோஸுக்குப் போங்கள். ரோட்ஸ், கோஸ் என்ற இரண்டு பெரிய தீவுகளுக்கு நடுவே, துருக்கிக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பரப்பு சுமார் 60 சதுர கிலோமீட்டர். குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான். விமான நிலையம் கிடையாது. அந்தத் தீவு இன்னும் கெடாமல் இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அத்தான் காலமான மறுவருடம், செப்டம்பர் கடைசியில், என் அக்காவை அங்கே அழைத்துப் போனேன். லிவாதியா என்ற துறைமுக ஊரில், கடலைப் பார்த்த ஒரு அறை. கரையில் மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். அலை உள்ளே வாங்கும்போது அத்தனை கல்லும் சேர்ந்து உருளும். பாத்திரத்தில் பயறு களைவது போல ஒரு சத்தம். படுத்தால் காதில் அது மட்டும்தான் கேட்கும். கோடை முழுக்க வெயில் குடித்த கடல் என்பதால் அந்த மாதத்திலும் தண்ணீர் குளிராது. மார்பளவு ஆழத்தில் நின்றால்கூடக் கால்விரல் தெரியும்.

வேட்டையை 1990-களிலேயே தடை செய்துவிட்ட தீவு அது. அதனால் பறவைகள் பயமில்லாமல் இருக்கின்றன. எலியனோரா வல்லூறு என்று ஒன்று உண்டு. மற்ற பறவைகள் வசந்தத்தில் குஞ்சு பொரிக்கும்போது இது மட்டும் கோடைக் கடைசி வரை காத்திருக்கும். வடக்கேயிருந்து வலசை போகும் சிறு பறவைகள் அப்போதுதான் அந்த வழியாக வரும், குஞ்சுகளுக்கு இரை கிடைக்கும். நீங்களும் அந்தச் சமயத்திலேயே போங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நான்கு நாளில் மூன்று தீவு என்று திட்டம் போடாதீர்கள். பெட்டி கட்டுவதிலும் கப்பலுக்குக் காத்திருப்பதிலுமே விடுமுறை தீர்ந்துவிடும். ஒரு தீவு, ஒரு அறை போதும்.

கேள்வி: விமான நிலையம் இல்லாத தீவுக்கு எப்படிப் போவது? வழியில் மாட்டிக்கொள்ள மாட்டோமா?

ரோட்ஸ் வரை விமானம், அங்கிருந்து கப்பல். விரைவுப் படகில் இரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் குறைவு. ஏதென்ஸ் பக்கத்திலிருக்கும் பிரேயஸ் துறைமுகத்திலிருந்தும் பெரிய கப்பல் உண்டு. ஆனால் அரை நாளுக்கு மேல் கப்பலிலேயே போய்விடும், நான்கு நாள் பயணத்துக்கு அது சரிப்படாது. தினமும் கப்பல் இருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். முதலில் கப்பல் நாளைப் பாருங்கள், பிறகு விமானச் சீட்டு எடுங்கள்.

மாட்டிக்கொள்வது பற்றிக் கேட்டீர்கள். நான் மாட்டிக்கொண்டேன், முதல் முறை தனியாகப் போனபோது. ஆகஸ்ட் மாதம். வடக்கிலிருந்து 'மெல்தேமி' என்ற காற்று வீசும் காலம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது, வெயில் கொளுத்துகிறது, ஆனால் கடல் நுரைத்துக்கொண்டு நிற்கிறது. காற்று ஒரு அளவைத் தாண்டினால் கப்பல் புறப்படத் தடை போட்டுவிடுவார்கள், சின்ன விரைவுப் படகுகள்தான் முதலில் நிற்கும். அன்று சாயங்காலம் ரோட்ஸிலிருந்து எனக்கு விமானம். லிவாதியா கரையில் பெட்டிமேல் உட்கார்ந்து, அது புறப்படும் நேரம் வந்து போவதைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டுப் பணம் முழுதும் போயிற்று. ஆகவே கடைசி இரவை ரோட்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். தீவைவிட்டுக் கிளம்பும் நாளும் விமானம் ஏறும் நாளும் ஒன்றாக இருக்கவே கூடாது. ஆகஸ்ட் 15, மாதாவின் பெருவிழா. அதையொட்டிய நாட்களில் கிரேக்கர்களே ஊருக்குப் போவார்கள், கப்பலில் இடம் கிடைப்பது கஷ்டம்.

விசா ஷெங்கன்தான், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: நான் சுத்த சைவம். கடல் நடுவே இருக்கிற தீவில் பட்டினிதானா?

பயப்படவே வேண்டாம். கிரேக்கத் திருச்சபையில் விரத நாட்கள் ஏராளம், அதனால் இறைச்சியும் பாலும் இல்லாத சமையல் அவர்களுக்குப் பழகின ஒன்று. 'லதேரா' என்று கேளுங்கள். பீன்ஸ், வெண்டைக்காய், கத்தரிக்காய் எல்லாம் ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் சேர்த்து மெல்ல வேகவைத்தது. 'யேமிஸ்தா' என்றால் தக்காளிக்குள்ளும் குடைமிளகாய்க்குள்ளும் அரிசி அடைத்துச் சுட்டது. ஆனால் அதில் கொத்துக்கறி சேர்ப்பவர்களும் உண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். 'ஃபாவா' நம் கடைந்த பருப்புக்கு ஒன்றுவிட்ட தங்கை. மேலே பச்சை வெங்காயம் தூவி, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். அக்கா நான்கு நாளும் அதைத்தான் கேட்டாள்.

ஒரு எச்சரிக்கை. விரதச் சாப்பாட்டை 'நிஸ்தீசிமோ' என்பார்கள். அந்தச் சொல்லை நம்பி மட்டும் எதையும் வாங்காதீர்கள். அவர்கள் விரதத்தில் கணவாய், ஆக்டோபஸ், சிப்பி எல்லாம் சேர்த்தி.

கேள்வி: மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும், ஆங்கிலம் ஓரளவு ஓடும். 'நே' என்றால் ஆமாம், 'ஓஹி' என்றால் இல்லை. பேசாமல் முகவாயை மட்டும் மேலே தூக்கினால் அதுவும் 'இல்லை'தான். கோடையில் பிற்பகல் 3 மணி முதல் 5.30 வரை சட்டப்படியே அமைதி நேரம், அப்போது சத்தம் போடாதீர்கள். தீலோஸ் தெருவில் குப்பைத் தொட்டியைத் தேடவும் வேண்டாம். தொட்டிகளை எடுத்துவிட்டு, பிரித்து வைத்த குப்பையை வீட்டு வாசலிலேயே வந்து வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் அறைக்காரர் எதை எதில் போடச் சொல்கிறாரோ அப்படியே செய்யுங்கள்.

கேள்வி: தீலோஸில் குட்டையான யானைகள் இருந்தனவாமே, உண்மையா? (எட்டாம் வகுப்பு மாணவி)

உண்மைதான் கண்ணு. மெகாலோ ஹோரியோ என்ற ஊருக்குப் பக்கத்தில் கர்காதியோ என்று ஒரு குகை. 1971-இல் அங்கே அவற்றின் எலும்புகள் கிடைத்தன. பெரிய நிலப்பரப்பில் வாழ்ந்த நேர்த்தந்த யானைகளின் வழிவந்தவை. கடலை நீந்திக் கடந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள், யானை நன்றாக நீந்தும் பிராணி. சின்னத் தீவில் தீனி குறைவு, அடித்துத் தின்னப் பெரிய மிருகமும் இல்லை. அதனால் உடம்பு சிறிதாக இருந்தவையே தாக்குப்பிடித்தன. தலைமுறை தலைமுறையாகச் சிறுத்து, கடைசியில் ஓர் ஆள் உயரம் அல்லது அதற்கும் கீழே வந்துவிட்டன. ஐரோப்பாவில் கடைசியாக வாழ்ந்த யானைகள் இவைதான் என்று கருதுகிறார்கள். அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது, அப்பா அம்மாவை அழைத்துப்போகச் சொல்.

கேள்வி: நாலு நாள் ஒரே இடத்தில் என்றால் அலுத்துவிடாதா?

காலையில் கடல், மதியம் தூக்கம். சாயங்காலம் மிக்ரோ ஹோரியோவுக்கு ஏறுங்கள். லிவாதியாவிலிருந்து ஒரு மணி நேர நடைக்குள்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த மலைக்கிராமத்து மக்கள் ஒவ்வொரு குடும்பமாகத் துறைமுகத்துக்கு இறங்கிவிட்டார்கள், 1960-களுக்குள் ஊரே காலி. இப்போது கூரை இல்லாத கல்வீடுகளும், ஆட்டுமணிச் சத்தமும்தான்.

ஒரு வீட்டுத் திண்ணை போலிருந்த கல்லில் அக்காவும் நானும் உட்கார்ந்தோம். எரின்னா என்ற கவிஞர் இந்தத் தீவுக்காரர் என்று ஒரு மரபு இருக்கிறது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. 19 வயதிலேயே இறந்துபோனாராம். கல்யாணமான கொஞ்ச நாளில் செத்துப்போன சிநேகிதிக்காக ஒரு நீண்ட புலம்பல் பாட்டு எழுதியிருக்கிறார். அதில் சிதைந்த ஐம்பது வரி சொச்சம், எகிப்தில் ஒரு பாப்பிரஸ் (பழங்கால நாணல் தாள்) துண்டில் 1928-இல் கிடைத்தது. அதில் அவர் நினைத்து அழுவது பெரிய விஷயங்களை அல்ல. இருவரும் முற்றத்தில் ஆடிய ஆமை விளையாட்டு, பொம்மைகள், ராத்திரியில் பயந்த பூச்சாண்டி, இவற்றைத்தான்.

"ஆமை விளையாட்டு என்றால் எப்படி?" என்றாள் அக்கா. ஒருத்தி நடுவில் ஆமையாக உட்காருவாள், மற்றவர்கள் சுற்றி வந்து கேள்வி கேட்பார்கள், கடைசிப் பதிலில் அவள் துள்ளி எழுந்து பிடிப்பாள் என்றேன். அத்தான் போனதிலிருந்து தன் சின்ன வயதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள், அன்று இருட்டும் வரை பேசினாள். நான் குறுக்கே பேசவில்லை.

மேலே போகும்போது கைவிளக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இறங்குகிற பாதையில் கல் பெயர்ந்து கிடக்கிறது.