சைக்கிளுக்கு மோட்டர் பூட்டலாமா? வாங்குவோர் கேள்வி-பதில்

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்ற காலத்திலிருந்து வன்னியில் சைக்கிளுக்கு மதிப்புக் கூடிவிட்டது. முந்தின தலைமுறைக்கு இது புதிதுமல்ல. பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்களும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பழைய சைக்கிளுக்கு மோட்டர் பூட்டுவது பற்றிய கேள்விகள் சேர்ந்துவிட்டதால் இந்த முறை முழுவதும் அதற்கே.

நான் விசுவமடுப் பக்கம் முன்பள்ளி ஆசிரியை. பள்ளிக்கு ஒரு வழி 11 கிலோமீற்றர். என்னிடம் இருப்பது 26 அங்குல லேடீஸ் சைக்கிள். "36 வோல்ற், 350 வாற், ஒரு சார்ஜில் 60 கிலோமீற்றர்" என்று இணையத்தில் ஒரு கிட் (மோட்டரும் அதைப் பூட்டும் சாமான்களும் சேர்ந்த தொகுதி) விளம்பரம் பார்த்தேன். சில்லோடு சேர்ந்தே வருகிறதாம். வாங்கலாமா?

வாங்கலாம் ரீச்சர். ஆனால் காசைக் கட்டுவதற்கு முன் உங்கள் சைக்கிளின் ரயர் ஓரத்தில் பொறித்திருக்கும் எண்ணை வாசியுங்கள். அங்கே 37-590 என்றோ 26 × 1 3/8 என்றோ இருந்தால் அந்தக் கிட் உங்களுக்குச் சரிவராது. 26 அங்குலம் என்ற பெயரில் இரண்டு சில்லுகள் புழக்கத்தில் இருக்கின்றன. மௌண்டன் சைக்கிளின் ரிம் 559 மில்லிமீற்றர். நம்மூர் லேடீஸ் சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது 590. கிட்டோடு வருவது அநேகமாக 559. அதைப் பூட்டினால் ரிம் ஒன்றரைச் சென்ரிமீற்றர் கீழே போய்விடும், பிறேக் கட்டை ரிம்மைத் தொடாமல் ரயரில் உரசும். உங்களிடமுள்ள ரயரும் ரியூப்பும் அதற்கு ஆகா. விளம்பரத்தில் "26 அங்குலம்" என்று மட்டும் போட்டிருந்தால் ரிம் எண்ணைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மோட்டரை மட்டும் வாங்கி உங்கள் ரிம்மிலேயே கம்பி கோர்ப்பது இன்னொரு வழி. கம்பி கட்டத் தெரிந்த சைக்கிள் கடைக்காரர் பரந்தனிலும் புதுக்குடியிருப்பிலும் கிடைப்பார். அவரிடம் போகுமுன் ரிம்மில் ஓட்டைகளை எண்ணுங்கள். சில்லின் நடுவில் இருக்கும் மோட்டர் ஹப்புகள் பெரும்பாலும் 36 ஓட்டை. பழைய சைக்கிள்களில் முன்னுக்கு 32, பின்னுக்கு 40 என்ற கணக்கு. பொருந்தாவிட்டால் 36 ஓட்டையுள்ள 590 ரிம் ஒன்று புதிதாக வாங்க வேண்டும், பெரிய செலவில்லை.

முன்சில்லில் பூட்டும் கியர் மோட்டர் உங்களுக்குப் போதும். மூன்று கிலோ அளவில்தான் இருக்கும், சார்ஜ் தீர்ந்தாலும் இழுக்காமல் வெறும் சைக்கிளாக மிதிக்கலாம். கியர் இல்லாத பெரிய ஹப் ஐந்து, ஆறு கிலோ வரும், மின்சாரம் இல்லாதபோது மிதிக்கவும் பாரமாக இருக்கும். விற்பவர் "கியர் இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை" என்று சொல்வார். உண்மைதான். மிதிக்கப் போவது நீங்கள் என்பதை அவர் சொல்லமாட்டார்.

முன்சில்லைப் பிடிக்கும் கவை, அதாவது முன் போர்க், இரும்பாக இருக்க வேண்டும். அலுமினியப் போர்க்கிலும் ஸ்பிரிங் போர்க்கிலும் மோட்டர் அச்சு முறுக்கி முறுக்கி, அது உட்காரும் வாய்ப்பகுதி வெடித்துவிடலாம், அப்படி நடந்தால் சில்லு கழன்றுபோகும். மோட்டர் அச்சின் தட்டைப் பகுதி 10 மில்லிமீற்றர். பழைய போர்க்கின் வாய் அதைவிட ஒடுக்கமாக இருக்கும், இரண்டு பக்கமும் அளவாக அராவ வேண்டும். அச்சு சுழலாமல் பிடிக்கும் இரும்புத் தகடு ஒன்று உண்டு, டோர்க் ஆர்ம் என்பார்கள். கிட்டில் அது இல்லையென்றால் தனியாக வாங்குங்கள். "இறுக்கமாக முடுக்கினால் போதும்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இனி அந்த 60 கிலோமீற்றர். வோல்ற்றை அம்பியர் மணியால் பெருக்கினால் பற்றரிக்குள் இருக்கும் வாற்-மணி வரும். 36 வோல்ற், 10 அம்பியர் மணி என்றால் 360. நீங்களும் மிதித்துக்கொண்டு 20, 22 வேகத்தில் போனால் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 10 வாற்-மணி போகும். மிதிக்காமல் அக்சிலேற்றரை மட்டும் முறுக்கினால் 15 முதல் 20 வரை. ஆக, 360 ஐக் கொண்டு 60 கிலோமீற்றர் ஓட வேண்டுமானால் பாதிக்கு மேற்பட்ட வேலையை உங்கள் கால்தான் செய்ய வேண்டும்.

உங்களுக்குப் போக வர 22 கிலோமீற்றர். மிதித்தால் 220 வாற்-மணி. ஆனால் பற்றரி பழசாகும்போது கொள்ளளவு குறையும். சோளகம் அடிக்கும் மாதங்களில் எதிர்காற்றில் வீடு திரும்ப வேண்டியிருந்தால் செலவு ஒன்றரை மடங்காவது சாதாரணம். வன்னியில் மேடு கிடையாது என்று நினைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். ஆகவே 13 அம்பியர் மணிப் பற்றரி எடுங்கள். 350 வாற் மோட்டருக்குப் பதிலாக 250 எடுத்து அந்த மிச்சத்தைப் பற்றரியில் போட்டாலும் நட்டமில்லை. கிட் ஒன்றின் விலையில் பாதியளவோ அதற்கு மேலோ பற்றரிதான், கெட்டுப்போவதும் முதலில் அதுதான்.

பிறேக் பிடித்ததும் மோட்டரை நிறுத்தும் சுவிட்ச் உள்ள கைப்பிடி கிட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மலிவுக் கிட்களில் அதை விட்டுவிடுகிறார்கள்.

முல்லைத்தீவில் மீன் வாங்கி ஊருக்குள் விற்கிறேன். அப்பாவின் 28 அங்குலச் சைக்கிள், கம்பி பிறேக், இரும்பு இரும்பாக இருக்கும். பெட்டியோடு 50 கிலோ ஏற்றுவேன். 48 வோல்ற் 1000 வாற் மோட்டர் போட்டால் நன்றாக இழுக்கும் என்கிறார்கள்.

இழுக்கும் அண்ணை. நிற்காது.

அந்தக் கம்பி பிறேக் ரிம்மின் உட்பக்கத்தைத் தொட்டுப் பிடிப்பது. மிதிக்கிற வேகத்துக்குச் செய்தது. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிடி பெருமளவு போய்விடும். அது உங்களுக்கு மாரிகாலத்தில் தெரிந்திருக்கும். ஆளும் 50 கிலோ மீனும் சேர்ந்து 40 வேகத்தில் வரும் வண்டியை நிறுத்த, 20 வேகத்தில் வேண்டியதைப்போல் நான்கு மடங்கு சக்தியை அந்தக் கட்டைகள் உறிஞ்ச வேண்டும். மாடு குறுக்கே வந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கிட்டில் வரும் அலுமினிய ரிம்முக்குக் கம்பி பிறேக் பொருந்தவும் பொருந்தாது.

அப்பாவின் சைக்கிளை அப்படியே விடுங்கள். பாவித்த, இரும்புச் சட்டமுள்ள மௌண்டன் சைக்கிள் ஒன்று பாருங்கள். ரிம்மின் இரு பக்கமும் பிடிக்கும் வி பிறேக் உள்ளதாக இருக்கட்டும். பின்சில்லில் 500 வாற் கியர் மோட்டர், தடித்த சில்லுக் கம்பி, தடித்த ரயர். வேகத்தை 25 இல் கட்டுப்படுத்திக் கொள்ளுங்கள், மோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான கொன்ட்ரோலரில் பெரும்பாலும் அதற்கு வழி இருக்கிறது.

பற்றரியைக் கரியரில் வைக்க வேண்டாம். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் உப்போடு வடிந்து இணைப்புகளைத் தின்றுவிடும். சட்டத்தின் நடுவில் பூட்டுங்கள். கொன்ட்ரோலரும் உயரத்தில் இருக்கட்டும், வயர்கள் கீழ்நோக்கித் தொங்கி மேலே ஏறட்டும், அப்போதுதான் தண்ணீர் வயர் வழியே உள்ளே ஓடாது. மழைத்தூறலை இந்த ஹப் மோட்டர்கள் தாங்கும். வட்டுவாகல் பாலத்தின் மேலால் தண்ணீர் பாயும் நாளில் சில்லை முக்கிக்கொண்டு போவதைத் தாங்கா.

பஞ்சர் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒட்டுப் போட மோட்டர் சில்லைக் கழற்றத் தேவையில்லை, நம்மூர்க் கடைக்காரர் வழக்கம்போல ரியூப்பை வெளியே இழுத்து ஒட்டிவிடுவார். ரயர் மாற்றத்தான் கழற்ற வேண்டும். அதற்குப் பெரும்பாலும் 18 ஆம் நம்பர் சாவி வேண்டும், ஒன்று பையில் கிடக்கட்டும்.

ஒரு நாளைக்கு 50, 60 கிலோமீற்றர் இந்தப் பாரத்தோடு ஓடுகிறீர்கள் என்றால் சைக்கிளையே மறந்துவிட்டுப் பழைய ஸ்கூட்டர் ஒன்றைப் பார்ப்பதுதான் என் அபிப்பிராயம்.

மூன்று 12 வோல்ற் ஈயப் பற்றரி போட்டால் பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். லித்தியம் தீப்பிடிக்கும் என்றும் பயமுறுத்துகிறார். (மாங்குளம்)

முதல்நாள் பாதி விலை, சரி. 12 அம்பியர் மணி ஈயப் பற்றரி மூன்றும் சேர்ந்து 12 கிலோ வரும். அதே அளவு லித்தியம் மூன்று கிலோவுக்குள். ஈயப் பற்றரியைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் விரைவாகக் குறையும், ஆகவே எழுதியிருப்பதில் அரைவாசிதான் தினமும் பயன்படும். தினமும் ஓடுகிறவர் ஒன்று இரண்டு வருடத்துக்குள் மறுபடி வாங்குவார். வாரத்தில் இரண்டு நாள் சந்தைக்குப் போய்வர மட்டும் என்றால் ஈயம் போட்டுப் பார்க்கலாம், தவறில்லை.

தீப்பிடிப்பது உண்மை. பழைய லப்டொப் செல்களைப் பிரித்து ஒட்டிய மலிவுப் பொதிகளிலும், மாற்றுச் சார்ஜர் பாவிக்கும் வீடுகளிலும் ஆபத்து அதிகம். 36 வோல்ற் லித்தியத்துக்கான சார்ஜர் 42 வோல்ற் தரும், 36 வோல்ற் ஈயத்துக்கான சார்ஜர் அதைவிடக் கூடுதலாகத் தரும். செருகி பொருந்துகிறது என்பதற்காகக் குத்தக்கூடாது. இரவில் தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள், கிடுகு வேலியோரம் வேண்டாம், வெயிலில் ஓடிவந்த பற்றரியை ஆறவிட்டுப் போடுங்கள். பயம் போகவில்லையென்றால் லித்தியத்திலேயே இரும்பு பொஸ்பேற் வகை இருக்கிறது. பாரமும் விலையும் கொஞ்சம் கூட, ஆனால் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம். நம்முடைய வெயிலுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

கிட் வாங்கி இரண்டு மாதம். முதலில் 40 கிலோமீற்றர் ஓடியது, இப்போது 18 இல் நின்றுவிடுகிறது. கடையில் "நீங்கள் மழையில் விட்டிருப்பீர்கள்" என்று சொல்லி ஒரு வருட வாரண்டியைத் தர மறுக்கிறார்கள். 48 வோல்ற் லித்தியம்.

சண்டைக்குப் போகுமுன் கையில் ஆதாரம் எடுங்கள் தம்பி. சார்ஜர் பச்சையானதும் ஒரு மணித்தியாலம் விட்டு மீற்றரால் பற்றரியை அளவுங்கள். 54.6 வோல்ற்றுக்குக் கிட்ட இருக்க வேண்டும். 52 என்று காட்டினால் சார்ஜர் பிழை, அல்லது உள்ளே ஒரு செல் வரிசை பலவீனம். 54 காட்டியும் ஏறி மிதித்தவுடன் சடாரென்று விழுகிறதென்றால் செல்தான். ரயரில் காற்று, பிறேக் உரசல், இந்த மாதத்துக் காற்று இவற்றையும் பார்த்துவிடுங்கள். இவை எல்லாம் சரியென்றால் அளவீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. 1977 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். ஆனால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும், அதுவும் வாங்கிய மூன்று மாதத்துக்குள். கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்பதும் அந்தச் சட்டத்துக்குள் வரும் முறைப்பாடுதான். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, "அடுத்த கிழமை வாங்கோ" என்று கடையில் சொல்வதைக் கேட்டு அதை ஓடவிடாதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் வாதம் கடினம். இனி வாங்குகிறவர்கள் கவனிக்க: கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் அதே சட்டம். அதில் பற்றரியின் தொடர் இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

யூடியூப்பில் "லைசென்ஸ், நம்பர் எதுவும் வேண்டாம்" என்கிறார்கள். சரியா?

அது இந்தியாவுக்குச் சரி. அங்கே மோட்டர் 250 வாற்றுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரைத் தாண்டாமலும் இருந்தால் மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. அந்தச் சட்டம் பாக்குநீரிணையைக் கடந்து வராது. கிளிநொச்சியோ வவுனியாவோ, உங்கள் மாவட்டச் செயலகத்தில் மோட்டார் வாகனப் போக்குவரத்துப் பிரிவில் மோட்டரின் வாற்றையும் உச்ச வேகத்தையும் சொல்லி, வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். பதிவு தேவையில்லை என்று கடைக்காரர் அடித்துச் சொன்னால் அதைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டில் 100 வாற் சோலார் தகடு ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் நேரடியாக சார்ஜ் போடலாமா? (ஒட்டுசுட்டான்)

நேரடியாக முடியாது. தகடு தருவது 18 வோல்ற் அளவில், 36 வோல்ற் பற்றரிக்கு 42 வேண்டும். வோல்ற்றை உயர்த்தும், லித்தியத்துக்கு உரிய சார்ஜ் கொன்ட்ரோலர் ஒன்று நடுவில் பூட்ட வேண்டும். நல்ல வெயில் நாளில் இழப்புகள் போக 300 வாற்-மணிக்கு மேல் ஏறும், 10 அம்பியர் மணிப் பற்றரிக்கு அநேகமாகப் போதும். ஆனால் பற்றரி பகலில் வீட்டில் இருக்க வேண்டுமே! பகலில் வேலைக்குக் கொண்டுபோகிறவர் சுவர்ச் செருகியில் போடுங்கள், ஒரு முழுச் சார்ஜுக்கு அரை யூனிற்றும் போகாது.