எண்ணெய்க் கிணறு வற்றுகிறதாம், பையனைப் பெட்ரோலியம் எஞ்சினியரிங்கில் சேர்க்கலாமா?

அம்மா, வணக்கம்.

தம்பிக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் பெட்ரோலியம் எஞ்சினியரிங் சீட் தருகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கடலில் எண்ணெய் உற்பத்தி இந்த வருஷமும் குறைந்துவிட்டது என்று பேப்பரில் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கல்லூரியில் கேட்டால், “இன்னும் ஐந்து வருஷத்தில் உற்பத்தி எங்கேயோ உயர்ந்துவிடும்” என்கிறார்களாம்.

அந்த வார்த்தையை நம்பி ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். இந்தத் துறையில் முன்கணிப்புகள் எப்படிப் பொய்த்தன என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

ஆந்திரக் கடலில் கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் கேஜி டி6 என்று ஒரு வயல். ரிலையன்ஸ் 2002ல் அங்கே எரிவாயுவைக் கண்டுபிடித்தது. நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் எடுப்போம் என்பது திட்டம். 2009ல் உற்பத்தி தொடங்கி, அடுத்த ஆண்டே 6 கோடியை எட்டியது. அதன் பிறகு சரிவுதான். 2013ல் ஒன்றரைக் கோடிக்கும் கீழே வந்துவிட்டது. கிணறுகளில் தண்ணீரும் மணலும் ஏறின, அழுத்தம் விழுந்தது. போதிய கிணறு தோண்டவில்லை என்றது அரசு. பாறை அமைப்பு நினைத்ததைவிடச் சிக்கலானது என்றது நிறுவனம். முதலில் கண்ட டி1, டி3 வயல்கள் 2020ல் மூடப்பட்டன. இதே படுகை உட்பட ரிலையன்ஸின் 21 பகுதிகளில் 30 சதவீதப் பங்கை 720 கோடி டாலர் கொடுத்து 2011ல் வாங்கியது பிரிட்டனின் பிபி. உலகின் தேர்ந்த நிலவியலாளர்கள் இருக்கும் நிறுவனம் அது. அவர்களாலேயே கணிக்க முடியாததை ஒரு கல்லூரியின் அட்மிஷன் அலுவலகம் கணித்துவிடுமா?

பக்கத்திலேயே அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் ஆழ்கடல் திட்டம். 2020ல் எண்ணெய் வரும் என்றார்கள். முதல் எண்ணெய் வந்தது 2024 ஜனவரியில். கச்சா எண்ணெய்க்கு இறக்குமதியை நம்பியிருப்பதை 2022க்குள் 67 சதவீதமாகக் குறைப்போம் என்று 2015ல் இலக்கு வைத்தார்கள். அது 85 சதவீதத்தையும் தாண்டிவிட்டது. 2011-12ல் 3.8 கோடி டன் கச்சா எண்ணெய் எடுத்த நாடு, 2023-24ல் எடுத்தது சுமார் 2.9 கோடி டன்.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கடலுக்கு அடியில், யாரும் கண்ணால் பார்க்காத பாறைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒலி அலைகளையும் சில கிணறுகளையும் வைத்து மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீட்டின் மேல் நான்கு வருஷப் படிப்பையும் உங்கள் நகையையும் வைக்க வேண்டாம் என்கிறேன்.

2010ல் ஒரு பையனின் அம்மாவிடம் “தைரியமாகச் சேருங்கள்” என்று சொன்னவன் நான். கேஜி டி6 உச்சத்தில் இருந்த வருஷம் அது. அவன் 2014ல் படித்து முடித்தான். அந்த ஜூனில் 100 டாலருக்கு மேல் விற்ற பீப்பாய், வருஷக் கடைசியில் ஏறக்குறைய பாதி விலைக்கு வந்தது. கேம்பஸில் கொடுத்த ஆஃபரை நிறுவனம் திரும்ப வாங்கிக்கொண்டது. ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்துவிட்டு சாஃப்ட்வேர் வேலைக்குப் போனான். அந்த அம்மாவின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்காக இந்தத் துறையில் வேலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மும்பைக்கு அப்பால் அரபிக் கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயல் 1974ல் கண்டுபிடிக்கப்பட்டது. 1985ல் நாளுக்கு 4.7 லட்சம் பீப்பாய் தந்தது, 2024ல் தந்தது சுமார் 1.34 லட்சம். ஆனால் வயதான கிணற்றுக்குத்தான் வைத்தியம் அதிகம். தண்ணீர் செலுத்தி அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வாயு செலுத்தி எண்ணெயை மேலே தூக்க வேண்டும், துருப்பிடித்த குழாயை மாற்ற வேண்டும். வற்றிப்போனால் கிணற்றைப் பாதுகாப்பாக அடைத்து மேடையைப் பிரிக்க வேண்டும். அதே மேற்குக் கடலில் தப்தி என்ற வயலில் அந்த வேலை நடந்திருக்கிறது. மும்பை ஹையில் உற்பத்தியைக் கூட்ட ஓஎன்ஜிசி 2025ல் பிபியையே ஆலோசகராகச் சேர்த்திருக்கிறது.

இதில் பெற்றோர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்த வேலைகளில் பெரும்பகுதிக்கு மெக்கானிக்கல், கெமிக்கல், எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்கள் வேண்டும். ஓஎன்ஜிசியே டிரில்லிங்குக்கு மெக்கானிக்கல் படித்தவர்களை எடுக்கிறது. புரொடக்ஷனுக்கு மெக்கானிக்கல், கெமிக்கல் இரண்டையும் எடுக்கிறது. எண்ணெய் விலை விழுந்த வருஷத்தில் மெக்கானிக்கல் பையன் வேறு கதவைத் தட்டலாம். பெட்ரோலியம் பையனுக்குக் கதவுகள் குறைவு.

ஆகவே என் கருத்து இதுதான். தன்பாத் ஐஐடியிலோ, அமேதியில் இருக்கும் ராஜீவ் காந்தி பெட்ரோலிய நிறுவனத்திலோ, விசாகப்பட்டினத்தில் இருக்கும் இந்திய பெட்ரோலிய எரிசக்தி நிறுவனத்திலோ (ஐஐபிஇ) இடம் கிடைத்தால் பெட்ரோலியம் எடுக்கட்டும். நானே முன்னின்று அனுப்புவேன். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் என்றால் வேண்டாம். தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்கில் அவன் கட் ஆஃபுக்கு நல்ல கல்லூரியில் மெக்கானிக்கலோ கெமிக்கலோ கிடைத்தால் எடுங்கள். மூன்றாம் வருஷத்திலும் எண்ணெய் ஆசை மாறாமல் இருந்தால் கேட் என்ற நுழைவுத் தேர்வை எழுதி எம்.டெக்கில் பெட்ரோலியம் போகலாம்.

தம்பியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவனுக்குப் பிடித்திருப்பது பாறையும் பூமியுமா, அல்லது ஹெலிகாப்டரில் ரிக்குக்குப் போகும் வீடியோவா? கடல் மேடையில் 14 நாள் வேலை, 14 நாள் வீடு. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். தீபாவளி, பொங்கல் எல்லாம் ஷிஃப்ட் பார்த்து வராது. நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்குப் பக்கத்திலேயே ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கும் பொறியாளர்களும் இருப்பார்கள். விலை விழுந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது இவர்கள்தான். இதையெல்லாம் கேட்ட பிறகும் அவன் கண்ணில் வெளிச்சம் குறையவில்லை என்றால், அந்த ஆசையை நாம் மதிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை முன்பணம் கட்ட வேண்டாம். “கடந்த மூன்று வருஷத்தில் பெட்ரோலியம் பிரிவில் எத்தனை பேர் படித்தார்கள், எந்தெந்த நிறுவனத்தில் சேர்ந்தார்கள்?” என்று அந்தக் கல்லூரியில் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் தருவதையும் தம்பியின் மார்க் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை வாருங்கள். அவனையும் கூட்டி வாருங்கள், அவனிடம் தனியாகவும் பேச வேண்டும்.