காகித ஆலையில் என்சைம் போட்டால் நிஜமாகவே மாசும் மின்செலவும் குறையுமா?

குறையும். ஆனால் விற்க வருகிறவர் சொல்கிற அளவுக்கு எல்லா ஆலையிலும் குறையாது. கூழ் பிரிவு ஆய்வகத்தில் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சைலனேஸ் என்ற என்சைம் கூழை வெளுக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள், அது வெளுப்பதில்லை. மரச் சில்லுகளைக் காஸ்டிக் சோடா, சோடியம் சல்ஃபைடு சேர்த்து வேகவைக்கும்போது கரைகிற சைலன் என்ற மரச் சர்க்கரைச் சங்கிலிப் பொருளில் ஒரு பகுதி, கடைசியில் காரம் குறைந்ததும் திரும்ப நாரின் மேலேயே படிந்து, பழுப்பு நிறம் தரும் லிக்னினை வெளியே வரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சைலனேஸ் அந்தப் படிவை அங்கங்கே வெட்டிவிடும், அவ்வளவுதான். அப்புறம் வரும் வெளுக்கும் ரசாயனமான குளோரின் டை ஆக்சைடுக்கு வேலை சுலபம். நன்றாக அமைந்தால் அதே வெண்மைக்கு 10 முதல் 20 சதவீதம் வரை ரசாயனம் மிச்சம். கழிவுநீரில் குளோரின் ஏறிய கரிமப் பொருள்களும் குறையும். 1980-களிலேயே பின்லாந்து ஆய்வாளர்கள் காட்டிய விஷயம் இது.

சரி, பிறகு ஏன் சில ஆலைகளில் எடுபடுவதில்லை? ஆய்வகத்தில் கூழைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, என்சைம் விட்டு, கையால் நன்றாகப் பிசைந்து வெந்நீர்த் தொட்டியில் வைப்போம், முடிவு அழகாக வரும். ஆலையில் யார் பிசைவது? வெந்த கூழைக் கழுவும் வாஷரிலிருந்து கூழ் சூடாக, பிஎச் 10-ஐ ஒட்டி வருகிறது. பல என்சைம் ரகங்களுக்கு அதை அமிலம் விட்டு இறக்க வேண்டும், அமிலம் சரியாகக் கலக்காத பக்கத்தில் என்சைம் சும்மா கிடக்கும். தொட்டி சாதாரண இரும்பு என்றால் அரிப்பு வேறு. கூழைச் சரியாகக் கழுவாமல் வேகவைத்ததில் மிஞ்சிய கருப்புக் கழிவு ஒட்டிக்கொண்டு வந்தால் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, வெட்டுப்பட்ட சைலன் தண்ணீரில்தான் கரைகிறது, அதனால் கழிவுநீரின் சிஓடி (அதிலுள்ள கரிமக் கழிவின் சுமையைக் காட்டும் அளவு) கொஞ்சம் ஏறும். விளம்பரத் தாளில் இந்த வரி இருக்காது.

மின்சாரம் மிச்சமாவது நாரை அரைக்கும் ரிஃபைனர் இயந்திரத்தில். செல்லுலேஸ் என்ற இன்னொரு என்சைம் நாரின் மேற்பரப்பைத் தளர்த்திக் கொடுப்பதால் குறைவாக அரைத்தாலே போதும். அளவு மீறினால் அதே செல்லுலேஸ் நாரையே தின்றுவிடும், தாளின் கிழிவு வலிமை சரியும். அதனால் டோஸை ஏற்றும்போது மின்மீட்டரை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு தடவையும் கிழிவுச் சோதனையும் போடுங்கள்.