அதிகம் பார்த்ததால் எடுத்தாரா, எடுக்கப்போவதால் பார்த்தாரா?

கேள்வி: உளவியல் முதுகலை ஆய்வுக்காக, திரையில் இரண்டு பொருள்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, கண் நகர்வைப் பதிவு செய்தேன். எதை அதிக நேரம் பார்த்தார்களோ அதையே பெரும்பாலும் எடுத்தார்கள். 'பார்வைதான் தேர்வைத் தீர்மானிக்கிறது' என்று எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பிடித்ததால் பார்த்தார்களா, பார்த்ததால் பிடித்ததா என்பதை மொத்தப் பார்வை நேரம் சொல்லாது. அதோடு, கடைசியாகக் கண் பட்ட பொருளையே பலரும் எடுப்பார்கள். அந்தக் கடைசிப் பார்வையும் கூட்டுத்தொகையில் புகுந்து, எடுத்த பொருளின் கணக்கை ஏற்றிவிடும்.

இங்கேதான் கணக்கீட்டு மாடல் கைகொடுக்கும். 1978-ல் உளவியலாளர் ராஜர் ராட்கிளிஃப் முன்வைத்த டிரிஃப்ட் டிஃபியூஷன் மாடலில், மனம் சான்றுகளைத் தடுமாறித் தடுமாறிச் சேர்க்கிறது. ஏதேனும் ஒரு பக்கத்து எல்லையைத் தொட்டதும் முடிவு. 2010-ல் கிரைபிச், ஆர்மெல், ரேங்கல் என்ற மூன்று ஆய்வாளர்களும் இதில் பார்வையைச் சேர்த்தார்கள். அந்த நேரத்தில் கண் படாத பொருளின் மதிப்பு குறைத்தே கணக்கில் வரும். அவர்கள் டேட்டாவில் கிடைத்த குறைப்பு எண் சுமார் 0.3.

ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். இடப்பக்கப் பொருளுக்கு ஒருவர் தந்த மதிப்பெண் 5, வலப்பக்கத்துக்கு 4. கண் இடப்பக்கம் இருக்கையில் 5-லிருந்து 1.2 (4 × 0.3) போக, 3.8 அளவுக்குச் சான்று இடப்பக்கம் சாயும். கண் வலப்பக்கம் தாவியதும் 4-லிருந்து 1.5 (5 × 0.3) போக, 2.5 அளவுக்கு வலப்பக்கம் திரும்பிவிடும். அதிகம் பிடித்தது இடப்பக்கப் பொருள்தான், அப்படியிருந்தும்! தேர்வோடு, அதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தையும் சேர்த்துக் கணிப்பதால்தான் இந்த மாடல் எனக்கு நெருக்கமானது. கடைசிப் பார்வை ஏன் இடைப்பட்ட பார்வைகளைவிடக் குறுகியது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது: எல்லையைத் தொட்டதும் பார்வை பாதியில் அறுந்துவிடுகிறது.

ஆகவே, கண் எங்கே, எத்தனை மில்லிசெகண்ட் நின்றது என்ற வரிசையை அப்படியே வைத்து மாடலைப் பொருத்துங்கள். அதற்குமுன் குறைப்பு எண்ணை நீங்களே 0.3 என்று வைத்து, உங்கள் டேட்டா அளவுக்கே சிமுலேஷன் செய்து, அதே எண் திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். 0.6 வந்தால் சோதனைச் சுற்றுகள் போதவில்லை, அல்லது நிரலில் பிழை.

காரணம் என்றே எழுத வேண்டுமானால் மாடலும் போதாது. பார்வை நேரத்தை நீங்கள்தான் மாற்ற வேண்டும். 2008-ல் வந்த ஓர் ஆய்வில் ஒரு பொருளை 900, மற்றதை 300 மில்லிசெகண்ட் என மாறி மாறிக் காட்டினார்கள். பிடித்தமான பொருள்களில் நீண்ட நேரம் காட்டியது சற்றே கூடுதலாகத் தேர்வானது. எந்தப் பொருளுக்கு நீண்ட நேரம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யுங்கள். பிடித்த பொருளுக்கே அது போய்ச் சேர்ந்தால், மறுபடியும் இதே கேள்வியில் வந்து நிற்பீர்கள்.