பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன், ஸ்வெட் லாட்ஜ் வழிபாட்டுக்குப் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் ரேப்பிட் சிட்டியில் இருக்கிறோம். என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் லக்கோட்டா என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த அம்மா ஒருவர், தங்கள் குடும்பத்தார் நடத்தும் ஸ்வெட் லாட்ஜ் வழிபாட்டுக்கு, அதாவது குடிலுக்குள் ஆவியில் வியர்க்க உட்கார்ந்து செய்யும் வழிபாட்டுக்கு, அழைத்திருக்கிறார். எனக்கு வயது 47. பி.பி.க்கு அம்லோடிபினும், நீர் பிரியும் மாத்திரை ஒன்றும் சாப்பிடுகிறேன். போகலாமா? நகை எதுவும் போட்டுக்கொள்ளக் கூடாதாமே, தாலியையுமா? கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் தப்பாகிவிடுமா? நான் சைவம் வேறு.

பதில்: போகலாம், உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டு. அழைத்தவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும், நடத்துவது அவர் குடும்பம், அது அவர்களுடைய சொந்த வழிபாடு. இந்த மூன்றும் இருப்பதால்தான் தயங்காமல் எழுதுகிறேன். இதே பெயரில் ஏதோ ஒரு ரிசார்ட் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

காரணம் இருக்கிறது. 2009 அக்டோபரில் அரிசோனாவின் செடோனா அருகே, ஜேம்ஸ் ஆர்தர் ரே என்ற சுயமுன்னேற்றப் பேச்சாளர் ஆளுக்குப் பத்தாயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவாக வசூலித்து ஒரு முகாம் நடத்தினார். 36 மணி நேரம் சோறு தண்ணீர் இல்லாமல் பாலைவனத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை, ஐம்பது பேருக்கு மேல், ஸ்வெட் லாட்ஜ் என்ற பெயரில் ஒரே ஆவிக் கூடாரத்தில் உட்கார வைத்தார். மூன்று பேர் இறந்தார்கள். 2011-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து இரண்டு வருடச் சிறைத்தண்டனை விதித்தது. லக்கோட்டா மக்களோ அதற்கெல்லாம் முன்பே, 1993-இல், தங்கள் சடங்குகளை விற்பவர்களை எதிர்த்து வெளிப்படையாகவே போர்ப் பிரகடனம் செய்திருந்தார்கள். ஆகவே கட்டணம் கேட்கும் இடம் என்றால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள்.

இனி உங்கள் விஷயம். லக்கோட்டா மக்கள் இனீப்பி என்று சொல்லும் இந்த வழிபாடு, அவர்களுடைய ஏழு புனிதச் சடங்குகளில் ஒன்று. வில்லோ கொம்புகளை வளைத்து நட்டு, மேலே கம்பளிகளும் கான்வாஸும் போர்த்திய தாழ்வான குடில். நிமிர்ந்து நிற்க முடியாது, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். நடுவில் ஒரு குழி. வெளியே நெருப்பில் மணிக்கணக்காகக் கிடந்து பழுத்த கற்களை, நெருப்புக்குப் பொறுப்பானவர் கவைக்கோலால் ஒவ்வொன்றாக ஏந்திக் கொண்டுவருவார். கற்களைத் தாத்தா என்றே அழைப்பார்கள். குழியில் இறங்கிய கல்லின் மீது செடார் மரத்தின் இலைத்தூளைத் தூவியதும் சின்னச் சின்னப் பொறிகள் மின்னி மணம் பரவும். பிறகு வாசலை மூடிவிடுவார்கள். கையை முகத்துக்கு நேராகப் பிடித்தாலும் தெரியாத இருட்டு. தண்ணீர் ஊற்ற ஊற்ற ஆவி எழும்பும். பாட்டும் பிரார்த்தனையும் நடக்கும். பொதுவாக நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வாசலைத் திறப்பார்கள்.

போர்வைக்குள் வேது பிடித்த அனுபவத்தை வைத்து இதை எடைபோட்டுவிடாதீர்கள். அங்கே முகத்துக்கு மட்டும் பத்து நிமிடம் ஆவி. இங்கே முழு உடம்பும் அதற்குள் இருக்கிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிரம்பியிருக்கும் இடத்தில் அது காயாமல் வழிந்து ஓடிவிடும், உடம்பின் சூடோ ஏறிக்கொண்டே போகும். சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்து பி.பி. இறங்கும். அம்லோடிபினும் அதே வேலையைத்தான் செய்கிறது. நீர் பிரியும் மாத்திரை உடம்பில் இருக்கும் தண்ணீரையும் உப்பையும் ஏற்கெனவே குறைத்து வைத்திருக்கும். எல்லாம் சேர்ந்தால், வெளியே வந்து எழுந்து நிற்கும் நொடியில் கண் இருட்டிக்கொண்டு வரும். அதனால் ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். அன்றைக்கு மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது, அளவை மாற்றுவதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். பி.பி. இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்றாலோ, இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருந்தாலோ இந்த முறை வெளியே நெருப்பருகில் உட்கார்ந்து கலந்துகொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் அதையேதான் சொல்வேன். இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகள் தனியாக ஆலோசனை கேட்க வேண்டும்; சூட்டில் இன்சுலின் வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரையை இறக்கிவிடும்.

டாக்டரிடம் சொன்னதை வழிபாட்டை நடத்துபவரிடமும் சொல்லிவிடுங்கள். கூச்சமே வேண்டாம். வாசலுக்குப் பக்கத்தில் இடம் கொடுப்பார்கள். உள்ளே தாங்க முடியவில்லை என்றால் 'மிட்டாக்குயே ஓயாசின்' என்று உரக்கச் சொல்லுங்கள், வாசல் திறக்கும். என் உறவுகள் எல்லோருக்கும் என்ற பொருளில், உள்ளே நுழையும்போதும் பிரார்த்தனையை முடிக்கும்போதும் அவர்கள் சொல்வதும் இதைத்தான். நடுவில் எழுந்து வந்தால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். எவ்வளவு நேரம் தாங்குகிறோம் என்ற போட்டிக்கு அங்கே இடமில்லை. அதற்கு முன் தலையைத் தரையோடு தாழ்த்திப் பாருங்கள், கீழே காற்று சற்றுக் குளுமையாக இருக்கும். வியர்ப்பது நின்றாலோ, தலைவலியோ குமட்டலோ தடுமாற்றமோ வந்தாலோ காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் உளறினால் உடனே குரல் கொடுங்கள். அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். வெளியே கொண்டுவந்து உடம்பில் தண்ணீர் ஊற்றி 911-ஐ அழைக்க வேண்டும்.

தாலி பற்றிக் கேட்டீர்கள். மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. உலோகம் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். செயின், தோடு, வளையல், மெட்டி எல்லாம் கழற்றத்தான் வேண்டும். கழற்ற மனம் ஒப்பாவிட்டால் மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிக்கொள்ளலாம், ஆனால் தங்க உருவைக் கோக்காமல் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸும் வேண்டாம். உடை விஷயத்தில் உங்களுக்குக் கவலையே இல்லை: முழங்காலுக்குக் கீழே இறங்கும் தளர்வான காட்டன் நைட்டி, தோளுக்கு ஒரு துண்டு, போதும். பாலியஸ்டர் ஆகாது.

முந்தின நாளிலிருந்தே தண்ணீர் நிறையக் குடியுங்கள். டாக்டர் தடுக்கவில்லை என்றால் உப்புப் போட்ட மோரும் நல்லது. அன்று காலை இட்லி, கஞ்சி போல லேசாகச் சாப்பிடுங்கள். குறைந்தது நான்கு நாள் மதுவைத் தொடக் கூடாது என்பது பல குடும்பங்களின் கட்டுப்பாடு. மாதவிடாய் நாளாக இருந்தால் அழைத்தவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த நாட்களில் பெண்ணுக்கே தனி சக்தி இருக்கிறது, அவள் உடம்பே தன்னைத் தூய்மை செய்துகொள்கிறது, அதனால் உள்ளே வர வேண்டாம் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் ஊர்த் தீட்டைப் பற்றி மனதில் இருக்கும் கோபத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

பணத்துக்குப் பதில் ஒரு பை புகையிலை வாங்கிப்போய் நடத்துபவரின் கையில் கொடுங்கள், அதுதான் முறை. விறகு, சமையல், பாத்திரம் கழுவுதல் எதற்காவது கைகொடுத்தால் மிகவும் சந்தோஷப்படுவார்கள். நெருப்புக்கும் குடில் வாசலுக்கும் நடுவே குறுக்கே நடக்காதீர்கள். புகைபிடிக்கும் புனிதக் குழாய் கைக்குக் கை சுற்றி வரும்போது புகைக்காதவர்கள் எப்படி வாங்கிக் கொடுப்பது என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். செல்போனைக் காரிலேயே விட்டுவிடுங்கள். இந்தச் சடங்குகளை 1883 முதல் அரசு விதிகள் போட்டு ஒடுக்கியது. மத உரிமையைக் காக்கும் சட்டம் 1978-இல்தான் வந்தது. பாட்டி தாத்தா காலத்தில் ஒளித்துச் செய்ததை இன்று உங்களை நம்பிக் காட்டுகிறார்கள். அதை இன்ஸ்டாகிராமில் போடுவது பெரிய துரோகம்.

முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். பைசன் என்ற காட்டெருமையின் இறைச்சி சூப் இருக்கலாம். ஃப்ரை பிரெட்டைச் சில வீடுகளில் பன்றிக் கொழுப்பில் பொரிப்பதால் கேட்டுவிட்டு எடுங்கள். பழத்தைக் காய்ச்சிச் செய்யும் வோஜாப்பி உங்களுக்கு ஒத்துவரும். ஒரு பெரிய டப்பா எலுமிச்சை சாதம் எடுத்துப்போனால் உங்களுக்கும் ஆச்சு, பந்திக்கும் ஆச்சு. தண்ணீர் குடித்து அரைமணியாவது உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்புங்கள், அன்றைக்குக் காரை வீட்டுக்காரர் ஓட்டட்டும். மறுநாள் காலை பி.பி. பாருங்கள். வழக்கத்தைவிட மிகவும் இறங்கியிருந்தாலோ, சிறுநீர் அடர்த்தியாகக் கருத்துப் போனாலோ அடுத்த மாத்திரையைப் போடுவதற்கு முன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.