ஒரு ஸ்டாரா, அஞ்சு ஸ்டாரா?

முகத்தில் உணர்ச்சியே காட்டாமல் சிரிக்க வைக்கும் நகைச்சுவைப் படங்களுக்கான விமர்சனங்களில் பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரித்தேன் என்கிறார்கள், மீதிப் பேர் அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டேன் என்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். சராசரி மதிப்பெண்ணை மட்டும் நம்பாதீங்க. 2004-இல் சுமார் 4 லட்சம் டாலரில் எடுத்த 'நெப்போலியன் டைனமைட்' என்ற அமெரிக்க நகைச்சுவைப் படமும் இதே கதைதான். யார் எந்தப் படத்துக்கு எவ்வளவு மதிப்பெண் தருவார்கள் என்று கணிக்க நெட்ஃபிளிக்ஸ் 2006-இல் 10 லட்சம் டாலர் பரிசுப் போட்டி வைத்தபோது, இந்தப் படம் யாருக்குப் பிடிக்கும் என்று கணிக்க முடியாமல் கணினி வல்லுநர்களே திண்டாடினார்கள்.

திட்டுகிறவர்களைப் படியுங்க. "கதையே இல்லை, யார் முகத்திலும் உணர்ச்சியே இல்லை" என்று திட்டினால் எனக்கு அது பாராட்டு. "வசனமே காதில் விழவில்லை" என்றால் யோசிப்பேன். முதல் தடவை தனியாகப் பாருங்க. சிரிக்காத ஆள் பக்கத்தில் இருந்தால் (என் தம்பி!) நமக்கும் சிரிப்பு வராது.