நோட்டரி ஆக விரும்பும் வழக்கறிஞருக்கு: தகுதி, விண்ணப்பம், பதிவேடு

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு தாலுகா நகரத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். 2016ஆம் ஆண்டு பார் கவுன்சிலில் பதிவு செய்தேன். இடையில் பிரசவத்தை ஒட்டி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நீதிமன்றத்துக்குச் செல்லவில்லை. நோட்டரி ஆக விண்ணப்பிக்க எனக்குத் தகுதி உண்டா? மத்திய அரசிடம் விண்ணப்பிக்க வேண்டுமா, மாநில அரசிடமா? நோட்டரி பதிவேட்டை மாதக் கடைசியில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று மூத்தவர் ஒருவர் சொல்கிறார், அது சரியா? ஓரிரு ஆண்டுகளில் திருநெல்வேலிக்குக் குடிபெயர நேரலாம். அப்போது என்ன செய்வது?

பதில்: கையெழுத்துக்கும் உறுதிமொழிக்கும் முத்திரையிட்டுச் சான்றளிக்கும் நோட்டரி ஆக உங்களுக்குத் தகுதி உண்டு. 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டமும் அதன் கீழ் வந்த 1956ஆம் ஆண்டின் விதிகளும்தான் இதற்கு அடிப்படை. பொதுவாகப் பத்தாண்டு வழக்கறிஞர் அனுபவம் கேட்கும் அந்த விதிகள், பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஏழாண்டு போதும் என்கின்றன. இந்த ஏழாண்டு விண்ணப்பம் கொடுக்கும் நாளில் நிறைவடைந்திருக்க வேண்டும். நீங்கள் நீதிமன்றம் செல்லாத ஒன்றரை ஆண்டைக் கழித்துவிட்டாலும் ஏழைத் தாண்டிவிடுகிறீர்கள் என்பதால், அந்த இடைவெளியை மறைக்கவோ அதற்காக வாதாடவோ தேவையில்லை. பார் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் நீங்கள் எப்போது வழக்கறிஞர் ஆனீர்கள் என்பதைத்தான் காட்டும். தொடர்ந்து தொழில் செய்தீர்கள் என்பதைக் காட்ட, ஒவ்வோர் ஆண்டிலிருந்தும் உங்கள் பெயர் இடம்பெற்ற உத்தரவு நகல், வக்காலத்து நகல் ஆகியவற்றை இரண்டு மூன்றாவது எடுத்து ஆண்டுவாரியாகக் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலுக்கு அழைப்பு வந்தாலும் அந்தக் கோப்பு கைகொடுக்கும்.

மத்திய அரசா, மாநில அரசா என்ற கேள்விக்கு வருவோம். சட்டத்தின் 3ஆம் பிரிவு இரு அரசுகளுக்கும் நியமன அதிகாரம் தருகிறது. மத்திய அரசு நாடு முழுவதற்கோ அதன் ஒரு பகுதிக்கோ நியமிக்கலாம். மாநில அரசு தன் எல்லைக்குள் நியமிக்கலாம். நடைமுறையில் இரு வகையினரும் சான்றிதழில் குறிப்பிடப்பட்ட பகுதிக்குள்தான் பணி செய்கிறார்கள், ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். தாலுகா நீதிமன்றத்தைச் சுற்றியே தொழில் செய்யும் உங்களுக்கு மாநில அரசின் நியமனமே போதும். எனினும் ஒவ்வொரு மாநிலத்திலும் இத்தனை நோட்டரிகள்தான் இருக்கலாம் என்று விதிகளின் அட்டவணை உச்சவரம்பு வைத்திருப்பதால், எந்தப் பட்டியலில் இடம் காலியாக இருக்கிறதோ அதையே நாட வேண்டிய நிலையும் வரலாம். மத்திய அரசின் நோட்டரி வேலைகளுக்கு 2024 முதல் தனி இணையதளம் இயங்குகிறது.

மாநில அரசுக்கான விண்ணப்பத்தை விதிகள் 'மெமோரியல்' என்று அழைக்கின்றன. நீங்கள் தொழில் செய்யும் இடத்தின் மாவட்ட நீதிபதி அல்லது அங்குள்ள நீதிமன்றத்துக்குத் தலைமை வகிக்கும் நீதிபதி வழியாக அது செல்ல வேண்டும். அதில் உங்கள் கையெழுத்து மட்டும் போதாது. ஒரு நடுவர் (மாஜிஸ்திரேட்), தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றின் மேலாளர், ஒரு வணிகர், அப்பகுதியில் அறியப்பட்ட இருவர் என ஐந்து பேர் மேலொப்பமிட வேண்டும். பலர் இதை வெறும் சடங்கு என்று எண்ணி, கிடைத்தவரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நோட்டரி என்பவர் ஊர் நம்பும் ஆளாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் கடைக்காரரையும் வங்கி மேலாளரையும் விதி அழைக்கிறது என்பது என் கருத்து. ஆகவே உங்களை உண்மையிலேயே அறிந்தவர்களிடம் செல்லுங்கள். அதன்பின் வழக்கறிஞர் அமைப்புகளிடம் ஆட்சேபம் கேட்பது, பரிந்துரை, அரசின் முடிவு என்று காலம் போகும். அந்தக் காத்திருப்பில் நீங்கள் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

நியமனம் ஆனதும் உங்கள் பெயர் அரசின் நோட்டரிப் பதிவேட்டில் ஏறும். ஐந்தாண்டுக்குச் செல்லுபடியாகும் பணிச் சான்றிதழ் கையில் வரும். முத்திரை 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாக இருக்க வேண்டும். அதில் உங்கள் பெயர், பணிப் பகுதி, பதிவு எண், 'நோட்டரி' என்ற சொல், நியமித்த அரசின் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். அலுவலக வாசலில் பெயர்ப் பலகையும், உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படும் இடத்தில் கட்டண விகிதமும் தொங்க வேண்டும். வாங்கும் கட்டணத்துக்கு ரசீது கொடுத்தே ஆக வேண்டும்.

இனி, தான் சான்றளிக்கும் ஒவ்வொன்றையும் நோட்டரி எழுதிவைக்கும் பதிவேடு பற்றி உங்கள் மூத்தவர் சொன்ன விஷயம். அவர் மேல் உங்களுக்குள்ள மரியாதையை விட்டுவிடாமலேயே இந்த ஒன்றில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். நோட்டரியின் முத்திரை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள், இந்த நாளில், என் முன்னால் வந்து கையெழுத்திட்டார். இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 139ஆம் பிரிவு நோட்டரி முன் எடுத்த உறுதிமொழியை ஏற்கிறது. நோட்டரி சான்றளித்த பவர் பத்திரத்தைச் சரியாக எழுதிக்கொடுக்கப்பட்டதாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று பாரதிய சாட்சிய சட்டத்தின் 84ஆம் பிரிவு கூறுகிறது. அந்த வாக்கியம் உண்மை என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சான்று பதிவேட்டின் அந்த ஒரு வரிதான். மாதக் கடைசியில் எழுதினால், அந்த வரியில் வந்தவரின் கையெழுத்து எங்கிருந்து வரும்?

நான் நடத்திய ஒரு பாகப்பிரிவினை வழக்கில், தன் பங்குக்கு ஈடான பணத்தைப் பெற்றுக்கொண்டதாக ஓர் அண்ணன் எழுதிக் கொடுத்த பிரமாணப் பத்திரத்தை எதிர்த்தரப்பு தாக்கல் செய்தது. நோட்டரியைச் சாட்சியாக அழைத்து, பதிவேட்டையும் கொண்டுவரச் சொன்னோம். கூண்டில் நின்றபடி அவர் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். மற்ற வரிகளெல்லாம் நீல மையில் இருக்க, அந்த ஒரு பதிவு மட்டும் இரண்டு வரிகளுக்கு நடுவே கறுப்பு மையில், எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. வரிசை எண் முந்தைய எண்ணோடு 'ஏ' சேர்த்து எழுதப்பட்டிருந்தது. ஆள் கையெழுத்திட வேண்டிய கட்டம் காலி. அந்தத் தேதியில் அந்த அண்ணன் சவுதியில் இருந்தார் என்பதைப் பாஸ்போர்ட்டின் பக்கமே சொன்னது. நோட்டரி பணத்துக்காகச் செய்தவர் அல்லர். பழகிய குமாஸ்தா ஒருவர் கொண்டுவந்தார் என்ற தாட்சண்யத்தில் முத்திரை வைத்தவர். ஆனால் அன்று அவர் பதில் சொல்ல முடியாமல் நின்ற அந்த இரண்டு நிமிடத்தில் அவருடைய முப்பதாண்டுப் பெயர் போயிற்று. எங்கள் தரப்பு வென்ற வழக்குதான். எனினும் அவர் முகம் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே சில பழக்கங்களை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள். பதிவேட்டின் பக்கங்களுக்கு முன்னதாகவே எண் இட்டு, மொத்தம் எத்தனை பக்கம் என்று முதல் பக்கத்தில் சான்று எழுதிவிடுங்கள். ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே வரியை எழுதி, அவர் கையெழுத்தை அல்லது கைரேகையை வாங்கிய பிறகுதான் ஆவணத்தில் முத்திரை பதிய வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. அவர் காட்டிய அடையாள அட்டை எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் கடைசிப் பதிவின் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, தேதியிட்டுச் சுருக்கொப்பம் இடுங்கள். நாளை எவர் வந்து 'முந்தைய தேதியில் ஒன்று போட்டுக்கொடுங்கள்' என்று கெஞ்சினாலும் இடமில்லை என்று அந்தக் கோடே சொல்லிவிடும். மாவட்ட நீதிபதியோ அரசு நியமிக்கும் அலுவலரோ ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேற்படாமல் உங்கள் பதிவேட்டைப் பார்வையிடலாம். ஜனவரி முதல் வாரத்தில் முந்தைய ஆண்டுப் பணிகளின் விவர அறிக்கையை அரசுக்கு அனுப்ப வேண்டும். அன்றன்று எழுதியவருக்கு அது அரை நாள் வேலை.

முத்திரையைக் குமாஸ்தாவிடம் விட்டுவிட்டு கோர்ட்டுக்குப் போகும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. நோட்டரியின் குமாஸ்தா செய்யலாம் என்று சட்டம் 9ஆம் பிரிவில் தனியே விலக்களித்திருப்பது ஒரே ஒரு வேலைக்குத்தான்: பிராமிசரி நோட்டு, உண்டியல் (ஹுண்டி எனும் வணிகக் கடன் சீட்டு), மாற்றுச்சீட்டு ஆகியவற்றை ஏற்புக்கோ பணம் பெறவோ கொண்டுபோய்க் காட்டுவது. அதற்கு அப்பால் அவர் கை முத்திரையைத் தொடக் கூடாது. பூட்டிய டிராயரில் வையுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும்.

எதைச் செய்ய மறுக்க வேண்டும் என்பதும் முக்கியம். கல்யாணம் செய்துகொண்டோம் என்றோ விவாகரத்து ஆயிற்று என்றோ பத்திரம் எழுதிக்கொண்டு வருவார்கள். நோட்டரி திருமணப் பதிவாளர் அல்லர். திருமணத்தையோ விவாகரத்தையோ பத்திரத்தால் முடித்துவைக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் எச்சரித்திருக்கிறது. அந்தத் தாளை நம்பி வாழத் தொடங்கும் ஒரு பெண், பின்னாளில் ஜீவனாம்சத்துக்கு வரும்போதுதான் அது வெறும் தாள் என்று அறிவார். ஆதலால் உங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அசையாச் சொத்துக்கான பவர் பத்திரம் தமிழ்நாட்டில் பதிவு செய்யப்பட வேண்டியது என்பதால், அதைக் கொண்டுவருவோருக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தைக் காட்டுங்கள். நீங்களே வக்காலத்து வைத்திருக்கும் வழக்கில் உங்கள் கட்சிக்காரரின் பிரமாணப் பத்திரத்துக்கு நீங்களே உறுதிமொழி வாங்காதீர்கள். பக்கத்து அறை நோட்டரியிடம் அனுப்புவதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை.

புதுப்பிப்பு தானாக நடப்பதன்று. சான்றிதழ் முடியும் நாளுக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பம் அரசிடம் சேர்ந்திருக்க வேண்டும். சான்றிதழ் கிடைத்த அன்றே நான்கரை ஆண்டு எண்ணி அந்தத் தேதியை மேசை மேல் ஒட்டிவையுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். செல்லுபடியாகும் சான்றிதழ் இன்றி நோட்டரிப் பணி செய்வதை 9ஆம் பிரிவு தடை செய்கிறது, அது தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். எனவே பழைய காலம் முடிந்து புதிய உத்தரவு வராத நாள்களில், விண்ணப்பித்துவிட்டோமே என்ற துணிவில் முத்திரையை எடுக்காதீர்கள். புதுப்பிக்கத் தவறினாலோ விசாரணையில் முறைகேடு நிரூபணமானாலோ பெயரை அரசின் நோட்டரிப் பதிவேட்டிலிருந்து நீக்க 10ஆம் பிரிவு இடம் தருகிறது.

திருநெல்வேலிக்குப் போவதாக இருந்தால், பணிப் பகுதியை மாற்றவோ விரிவாக்கவோ நியமித்த அரசிடம் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அந்த உத்தரவு கையில் வரும்வரை அங்கே வழக்கறிஞராக மட்டும் பலகை மாட்டுங்கள். புதிய பகுதியின் பெயர் பொறித்த முத்திரையைச் செய்துகொண்ட பிறகே முதல் நோட்டரி ஆவணத்தைத் தொடுங்கள். பழைய ஊரில் எழுதிய பதிவேடுகளை மட்டும் எவரிடமும் விட்டுவிடாமல் உங்களோடு எடுத்துச் செல்லுங்கள்.